வேடனும் அவன் சுமையும்

திண்ணனார் திருக்காளத்தி மலையில் இரண்டாம் முறை ஏறியபோது அவரிடம் பை இல்லை. ஒரு கையிலே வில்லும் அம்பும். மற்றைக் கையிலே தேக்கிலைக் கல்லையில் வெந்த இறைச்சி. தலைமயிரிலே செருகிய மலர். வாயிலே பொன்முகலி நீர். கை இரண்டும் நிறைந்துவிட்டமையால் தலையும் வாயும் கலங்களாயின. பெரியபுராண வகுப்பிலே மாணாக்கர் முதலிற் சிரித்துப் பின்னர் அடங்கிப்போகும் இடம் இது. அன்பின் பெருக்கத்தை விளக்க வந்த சேக்கிழார், சுமை எண்ணும் வணிகரைப் போல ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலே வைத்துச் சொல்லுகின்றார். வேட்டைக்குப் போனவன் தான் பெற்றதை எங்கே, எவ்வாறு சுமப்பது என்னும் வினா அத்துணைப் பழையது.

அவ்வினா அண்மையிலே எனக்குக் கடிதமாக வந்தது. என்னிடம் நன்னூல் படித்த மாணாக்கர் ஒருவர் நோர்வே நாட்டிலே குடியேறி வாழ்கின்றார். அவருடன் தொழில் செய்வோர் மலைமேட்டிலே பனிமான் வேட்டைக்குப் போகும்பொழுது அவரையும் அழைத்திருக்கின்றனர். அந்நாட்டிலே முப்பது மணிநேர வகுப்பிற்குச் சென்று, பரீட்சை எழுதி, அதிலே தேறினாலன்றி ஒருவர் வேட்டைக்காரராதல் இயலாது. இவர் தேறிவிட்டார். துவக்கைப் பற்றி ஐயம் இல்லை. பையைப் பற்றியே ஐயம். கடையிலே சுவர் நிறையப் பைகள் தொங்குகின்றனவாம். ‘ஐயா, இதனைத் தமிழிலே எப்படிச் சொல்லுவது? எதைப் பார்த்து வாங்குவது?’ என்று இரண்டு வினாவையும் ஒரே மூச்சிற் கேட்டிருந்தார்.

நான் மரக்கறி உண்பவன். காட்டுக்குட் சென்றது திருத்தல யாத்திரைகளில் மாத்திரமே. ஆயினும் கேட்டவர் மாணாக்கர். சொல்லாசிரியனிடமே பொருளையும் கேட்டுவிட்டார். ஒரு மாதகாலம் கிடைத்த நூல்களையெல்லாம் பார்த்தேன். பார்த்த அளவிலே ஒன்று தெளிவாயிற்று. வேட்டைப் பையைப் போகும் வழியை நினைந்து தெரிவோர் பலர். அது மீளும் வழிக்குரிய பொருள். போகும்போது ஒருவன் கொண்டுசெல்வது கம்பளிச் சட்டை, உணவு, நீர், கத்தி, கயிறு முதலியன. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பையும் அவற்றிற்குப் போதும். வேட்டை வாய்த்தபின்னரே சுமை பிறக்கின்றது.

அச்சுமையின் அளவை அறிதற்கு அலாஸ்காவைப் பார்க்கலாம். அங்குள்ள மூஸ் என்னும் பெருமான், முற்ற வளர்ந்த ஆணாயின் 1,600 இறாத்தல் வரை நிறுக்கும். அவ்வளவு பெரிய விலங்கிலே தோலும் எலும்பும் குடலும் கழிய ஏறத்தாழ 500 இறாத்தல் இறைச்சி கிடைக்கும் என்பர். ஒரு தடவைக்கு 80 இறாத்தல் சுமக்கின்றவன் ஆறு முறைக்கு மேல் நடத்தல் வேண்டும். சேற்றிலும் புதரிலும் மேடுபள்ளங்களிலும் அந்நடை நடக்கவேண்டும். அந்நாட்டுச் சட்டமும் இவ்விடயத்திற் கண்டிப்பானது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலே விட்டுவருதல் குற்றம். இறைச்சி கிடக்க, சுவரிலே மாட்டுதற்காகக் கொம்பை முன்னர்த் தூக்கிவருதலும் ஆகாது. சட்டம் இயற்றியோர் மனித இயல்பை நன்கு அறிந்திருக்கின்றனர். கொம்பு கைக்கு வந்துவிட்டால் ஐந்தாம் நடையும் ஆறாம் நடையும் மறந்துபோகும்.

ஆகவே, இப்பை எத்துணை நூல் கொள்ளும், எத்தனை அறை உடையது என்று கேட்பதற்கு முன்னர், ‘நான் கொல்லப்போகும் உயிரின் உடலை இது வீடுவரை கொண்டுவருமா?’ என்று கேட்டல் வேண்டும். கொண்டுவராதாயின் அவன் பையை மாற்றுதல் வேண்டும்; அல்லது வேட்டையை விடுதல் வேண்டும்.

பழந்தமிழ் வேட்டுவர் இதனை அறிந்தவர். புறநானூற்றிலே கோவூர்கிழார் காட்டும் வேட்டுவன் நாயோடு திரிந்து, மான்தசையை வட்டியிலே கொணர்ந்து சொரிந்து, அதற்கு மாறாக நெல்லைப் பெறுகின்றான். வட்டி என்பது முடைந்து செய்த கூடை. நமது பனையோலைக் கடகத்திற்கு முன்னோன் எனலாம். வன்பரணர் பாட்டிலே வரும் நள்ளி, இன்னும் ஒருபடி மேலே செல்கின்றான். பலாமரத்தடியிலே பசித்து இளைத்துக் கிடந்த பாணரைக் கண்டு, தன்னைப் பிரிந்து காட்டிலே அலையும் இளையர் வந்து சேருமுன்னர்த் தானே தீக்கடைந்து, கொழுவிய ஊனைச் சுட்டுக் கொடுக்கின்றான். சுமையைக் குறைத்தற்கு இதனினும் சிறந்த உபாயம் எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.

பாணருக்கோ பை உண்டு. அதன் பெயர் கலப்பை. யாழ் முதலிய கலங்களை இடும் பை என்பது பொருள். இக்காலத்து மாணாக்கர் அதனை உழுபடை என மயங்கி, பாணர் வயலுக்குப் போகின்றனர் என்று பரீட்சையில் எழுதுவதுண்டு. வேடனுக்குரியது தூணி. அம்பு அறாத தூணி அம்பறாத்தூணி; இல்லாமை தோன்றாத பை என்று வேடன் ஆசையோடு இட்ட பெயர்போலும்! ஆனால் தூணி போகும் வழிக்குரியது. மீளும் வழிக்கு வட்டியும் தண்டுமே இருந்தன. விலங்கின் நான்கு காலையும் பிணித்து, இடையிலே தண்டைக் கோத்து, இருவர் தோளிலே காவிவரும் காட்சியைக் கோயிற் சிற்பங்களிலும் ஊர்க்கதைகளிலும் காணாதார் யார்?

நமது நாட்டுக் காடுகளிலே வேடர் செய்த பை ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. ரிட்டி என்று சிங்களத்திலே வழங்கும் மரத்தின் பட்டையால் ஆனது அது. வேண்டிய அளவும் பருமனும் உள்ள கிளைத்துண்டை வெட்டி, நனைத்து, உட்பட்டை கட்டையைவிட்டு நெகிழுமட்டும் அடிப்பர். பின்னர்க் காலுறையைப் புரட்டுவதுபோலப் பட்டையைப் புரட்டி இழுப்பர். அடியிலே ஒரு வட்டத் துண்டு மரத்தை மட்டும் நறுக்காது விட்டுவைத்தால் அதுவே பையின் அடியாகும். தையல் இல்லை, பொருத்து இல்லை. தையல் இல்லாத இடத்திலே பை கிழிவது எங்ஙனம்? இன்றைய கைத்தொழிற்சாலைகள் தையலை உறுதிசெய்யப் படும் பாட்டைப் பார்க்கும்பொழுது அந்த ரிட்டிப் பையை நினையாதிருக்க முடியவில்லை.

அவர்களுக்குப் பின் வந்த வேட்டைக்காரர் வேறு வகையினர். சாமுவேல் பேக்கர் நுவரெலியாவிலே நாய்களோடும் கத்தியோடும் மரையைத் துரத்தியவர். 1854இல் வெளியான அவரது நூலிலே மரையை ‘எல்க்’ என்றே எழுதினார். வட ஐரோப்பாவிலே எல்க் என்பது மூஸ் இனத்து விலங்கு, மாணாக்கர் மயங்கற்க. அக்காலத்துத் துரைமார் எவரும் பையைப் பற்றிக் கவலைப்படவில்லை. கூடாரமும் உணவும் மதுவும் சுமைகூலிகளின் தலையிலே சென்றன. பதுளைப் பகுதியிலே அதிகாரியாக இருந்த மேஜர் றொஜேர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் கொன்றார் என்று சொல்லப்படுகின்றது. 1845இல் அவர் இடி விழுந்து இறந்தார். அந்த யானைகளில் ஒன்றன் சுமையேனும் அவர் முதுகில் ஏறியதில்லை. கொல்பவன் ஒருவன், சுமப்பவன் வேறொருவன் என்றானபோது எண்ணிக்கைக்கு எல்லை இல்லாமற் போயிற்று. தன் முதுகிலே தானே சுமக்கவேண்டியவன் இரண்டாவது விலங்கைக் குறிபார்க்குமுன்னர்த் தன் முழங்காலை நினைப்பான்.

1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நமது நாட்டு வேட்டைக்கு வேலியிட்டது. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா அமைந்தபோது வேடர்தம் வேட்டைநிலமும் வேலிக்குள் அகப்பட்டது. துரைமார் செய்த அழிவிற்கு ரிட்டிப் பைக்காரரும் விலை கொடுத்தனர். ஆதலின் உள்ளூர் வாசகர் எவரும் இக்கட்டுரையை மடித்துப் பையிலிட்டுக்கொண்டு காட்டுக்குப் புறப்பட வேண்டா என்று கேட்டுக்கொள்கின்றேன்.

இனி மாணாக்கரின் முதல் வினாவிற்கு வருவோம். முதுகுப்பை என்பதா, தோட்பை என்பதா? நோர்வே மொழியிலே ‘ரிக்செக்’ என்பர். ரிக் முதுகு, செக் பை. ஜேர்மன் மொழியிலும் அதுவே பொருள். தமிழிலே தோளில் மாட்டுவதால் தோட்பை என்பார் சிலர். இலக்கணப்படி இரண்டும் பொருந்தும். பொருளை நோக்கினால் இரண்டும் முற்றப் பொருந்தா. ஏனெனில், நன்றாக அமைந்த பையின் சுமை தங்குமிடம் முதுகுமன்று, தோளுமன்று, இடுப்பு.

இதனை விரித்துச் சொல்லல் வேண்டும். தமிழர் தலையிலே சுமந்தனர்; அதற்குச் சும்மாடு கண்டனர். தோளிலே சுமந்தனர், அதற்குக் காவுதடி கண்டனர். குடத்தையும் குழந்தையையும் பெண்கள் இடுப்பிலே சுமந்தனர். முதுகிலே சுமக்கும் வழக்கம் குறைவு. மலையகத்துக் கொழுந்துக் கூடை ஒன்றே நம்மிடையே நன்கறியப்பட்ட முதுகுச் சுமை. அதன் கயிறு தலையிலே மாட்டப்படும். பாரம் முழுவதும் கழுத்தின் வழியாக இறங்கும். வேட்டைக்காரரின் முதுகு நோவைத் தீர்க்க நூறு ஆண்டுக்கு மேலாக நடந்த ஆராய்ச்சியிலே நூற்றில் ஒரு பங்காவது அந்தக் கூடைக்குச் சென்றிருக்கலாம் என்று இதனை வாசிக்கும்பொழுது எனக்குத் தோன்றிற்று.

அந்த ஆராய்ச்சியின் தொடக்கம் நோர்வேயிலேயே நிகழ்ந்தது என்பது மாணாக்கருக்கு மகிழ்ச்சி தந்திருக்கும். ஓலெ பெர்கன் என்பவர் 1908இல் முயல் வேட்டைக்குப் போனார். அவர் சுமந்தது வடிவமற்ற சாக்கு. உள்ளிருந்த பொருள்கள் முதுகிலே குத்தின. யூனிப்பர் மரத்துக் கிளை ஒன்றைத் தம் முதுகின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பையோடு பிணைத்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. 1909இல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அமெரிக்கராகிய லொயிட் நெல்சன் 1920இல் அலாஸ்காவிலே நாட்டுக்குடிகளின் சுமைப்பை ஒன்றை இரவல் வாங்கிச் சுமந்தார். கடல்நாய்த் தோலைக் கோல்களின்மேல் இழுத்துக் கட்டியது அது. அதனைப் பார்த்தே அவர் தமது மரச்சட்டப் பையை அமைத்து 1924இல் உரிமைப் பத்திரம் பெற்றார். பத்திரம் நெல்சன் பெயரிலே இருக்கின்றது. இரவல் கொடுத்தவர் பெயரை நான் எங்கும் காணவில்லை.

ஆனால் சட்டம் இவர்களுக்கு மிக முந்தியது. 1991இல் ஒஸ்திரிய, இத்தாலிய எல்லையிலுள்ள பனிமலையிலே ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த மனிதனின் உடல் வெளிப்பட்டது. அருகிலே முற்றுப்பெறாத வில், பதினான்கு அம்புகள் கொண்ட தூணி, தணல் கொண்டுசெல்லும் பட்டைக் கலம் என்பன கிடந்தன. அவற்றோடு, வளைத்த ஹேசல் கோல் ஒன்றும் லார்ச் மரச் சிறு பலகைகள் இரண்டும் இருந்தன. அவை முதுகுச் சுமைச் சட்டத்தின் உறுப்புகள் என்பது பலர் கருத்து. பனியிலே நடக்கும் பாதக்கட்டை என்பாரும் உளர். பதினான்கு அம்பில் இரண்டிற்கே முனை பூட்டியிருந்தது. அவன் தோளினுள்ளோ பகைவன் எய்த அம்பின் முனை தைத்திருந்தது. மனிதனைக் கொன்றவன் அவனைச் சுமக்கவில்லை. சட்டத்தோடு அங்கேயே விட்டுப்போனான்.

இடுப்பின் பெருமையை நன்கு பரப்பியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்ற்றி. 1952இல் அவர் அலுமினியச் சட்டத்தோடு பைகள் செய்து விற்கத் தொடங்கினார். சட்டத்தின் அடியிலே இடுப்புவார் அமைந்தது. தோளை அழுத்திய பாரம் இடுப்பெலும்பின் வழியாகக் காலுக்கு இறங்கிற்று. 1967இல் கிறெக் லோ என்பவர் சட்டத்தைப் பையினுள்ளே மறைத்தார். வெளிச்சட்டம், உட்சட்டம் என்னும் வழக்கு அன்றிலிருந்து நடக்கின்றது. ஒழுங்கற்ற பெருஞ்சுமையைக் கட்டுவதற்கு வெளிச்சட்டம் நன்று. பாறையிலும் புதரிலும் உடலோடு ஒட்டி அசைவதற்கு உட்சட்டம் நன்று. இறைச்சி சுமப்போர் பலர் இன்றும் வெளிச்சட்டத்தைக் கைவிடவில்லை. இப்பொழுது இரண்டையும் இணைத்து, சட்டத்திற்கும் பைக்கும் இடையிலே ஓர் ஏந்து அமைத்துச் செய்கின்றனர். இறைச்சியை அந்த இடைவெளியிலே வைத்து வாரால் இறுக்கினால், பாரம் முதுகை ஒட்டி நிற்கும். குருதி கம்பளியிலும் உணவிலும் படாது. மாணாக்கருக்கு அத்தகையதையே வாங்குமாறு எழுதினேன். பெயரை முதுகுப்பை என்றே வைத்துக்கொள்ளலாம். சட்டத்தைச் சுமைச்சட்டம் என்க.

வாங்கும் முறை பற்றி எழுதியவை இவை. உன் உயரத்தைக் கடைக்காரனுக்குச் சொல்லாதே. உன் முதுகின் நீளத்தைச் சொல். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியிலே ஓர் எலும்பு புடைக்கும். அதிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளக்கவேண்டும். ஒத்த உயரமுடைய இருவருக்கு இவ்வளவு வேறுபடும். நெடிய காலும் குறுகிய முதுகும் உடையவர் பலர். பை முதுகிற்குப் பொருந்தாவிடின் இடுப்புவார் வயிற்றிலே இறுகும். அன்றேல் பிட்டத்திலே வழுகும். பின் எந்த மெத்தையும் உதவாது.

அடுத்து, வெறும் பையை மாட்டிப் பார்த்து மகிழாதே. காகிதம் அடைத்த பை எல்லார்க்கும் பொருந்தும். இருபது கிலோகிராம் பாரத்தை உள்ளே வைக்கச் சொல். இடுப்புவாரை முதலிற் பூட்டு. தோள்வாரைப் பின்னர் இழு. படியேறு, இறங்கு, குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டு. தோள்வாரின்கீழ் இரண்டு விரல் எளிதாக நுழைந்தால் இடுப்பு தன் தொழிலைச் செய்கின்றது. கால்மணி நேரம் கடையிலே நில். கடைக்காரன் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். மலையிலே அவன் உன்னோடு வரப்போவதில்லை.

துணியை நகத்தாற் கீறிப் பார். பளபளக்கும் நைலோன் துணி கிறீச்சிடும். மனிதச் செவிக்கு அது சிறிது. மானின் செவிக்கு அது பறை. மயிர்த்தன்மையுள்ள துணி புதரில் உரசினாலும் ஓசை எழாது. ஆனால் மழையிலே நீரை உறிஞ்சிப் பாரமாகும். இரண்டிலொன்றைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். நான் ஓசையின்மைக்கே முதலிடம் கொடுப்பேன். நீருக்கு மேலுறை உண்டு. பற்பூட்டு நிறைந்த பையும் வேண்டா. பனியிலே பற்பூட்டு உறைந்துவிடும். விறைத்த விரலுக்குக் கொளுவியே எளிது.

கொள்ளளவைப் பற்றிக் கடைக்காரர் நீளப் பேசுவர். ஒருநாட் போய்வருவார்க்கு 30 முதல் 45 லீற்றர் போதும். மலையிலே நாலைந்து நாள் தங்குவார்க்கு 70 லீற்றரும் அதற்கு மேலும் வேண்டும். பெரிய பையை வாங்கினால் அது வெறுமையாயிருக்க மனம் பொறுக்காது. வேண்டாதனவெல்லாம் அதனுள் ஏறும். நோர்வேயிலே மடக்கு நாற்காலியோடு இணைந்த பை ஒன்றும் விற்கின்றனர். காட்டிலே நாய்கள் எல்க்கை எழுப்ப, குறித்த இடத்திலே மணிக்கணக்காய்க் காத்திருப்போர்க்கு அது வரப்பிரசாதம். ஆனால் பனிமானைத் தேடி மலைமேட்டிலே நடப்பார்க்கு அந்த நாற்காலி வீண்பாரம். முன்னவருக்குப் பெரும்பாலும் வண்டியோ குழுவினரோ விலங்கை இழுக்க உதவுவர். பின்னவருக்கு முதுகே வண்டி.

இறைச்சியைச் சுமக்கும் முறையும் பையைச் சேர்ந்ததே. பாரத்தைத் தோட்பட்டைகளுக்கு இடையில், உடலோடு ஒட்டி வைத்தல் வேண்டும். அடியிலே தொங்கினால் பின்னே இழுக்கும். உச்சியிலே நின்றால் சரிவில் முன்னே தள்ளும். சுடும் இறைச்சியைப் பிளாத்திக்கு உறையிலே கட்டுதல் பெரும்பிழை. வெப்பம் வெளியேறாது, சில மணி நேரத்திலே கெட்டுவிடும். முதலில் ஆறவைத்து, காற்றுப் புகும் பருத்திப் பையிலே இடல் வேண்டும். அவ்வாறன்றி மலையிலிருந்து பாடுபட்டுச் சுமந்ததைக் குழியிலே புதைப்பதானால், அந்த உயிர் எதற்காகப் போயிற்று? கொம்பைச் சுமந்து வருவோன் அதன்மேற் செம்மஞ்சள் துணி ஒன்றைக் கட்டட்டும். புதருக்கு மேலே கொம்பு மட்டும் அசைவதைக் காணும் வேறொரு வேட்டைக்காரனுக்கு அதன் கீழே மனிதன் இருப்பது தெரியாது.

வீடு வந்ததும் பையைக் கழுவவேண்டும். குருதி பட்ட இடத்தைக் குளிர்ந்த நீரிலே கழுவுக. வெந்நீர் கறையை இறுக்கிவிடும். மணமுள்ள சவர்க்காரம் இடற்க. மானுக்கு மூக்கு உண்டு. இடுப்புவாரின் மெத்தையைப் பிழிந்துவிட்டு, சட்டத்தைக் கழற்றி, நிழலிலே இரண்டு நாள் தொங்கவிடுக.